என் தாலியை மாமி போட்டிருந்த நாட்கள்

என் கணவர் வேலை செய்த கப்பலைக் காணவில்லை என்று சொன்ன அதே மாதத்தில்தான், கழுத்தில் இருக்கிற தாலியைக் கழற்றிவிட்டு வேலைக்கு வரவேண்டும் என்று தொழிற்சாலையிலும் சொன்னார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள். ஆனால் என் காதில் இரண்டும் ஒரே செய்தியாகத்தான் விழுந்தன. உன் புருஷன் இனி இல்லை, அதை நீயே ஒத்துக்கொள் என்று எல்லோரும் சேர்ந்து சொல்வது போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் நவநாள் செபத்துக்கு வருகிற உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். நான் ரெஜினா. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இங்கேயே இருக்கிறவள். எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஆண்டவர் செய்ததை மறைத்து வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

என் கணவர் அன்ரன் ஒரு சின்னச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தார். கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் கரை சேர்ந்தவுடன் போனில் கோல் எடுப்பார். போன வருசம் உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை கடைசியாகப் பேசினார். மகள் ஷெரினிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். என்னிடம், "கடல் கொஞ்சம் குழப்பமா இருக்கும் எண்டு சொல்றாங்க. அடுத்த போர்ட்டுக்குப் போய் எடுக்கிறன்" என்றார். அவ்வளவுதான். அடுத்த துறைமுகத்திலிருந்து கோல் வரவில்லை.

முதல் கிழமை, ஏழு நாளும், நான் பயப்படவில்லை. சிக்னல் இருந்திருக்காது என்று நினைத்தேன். அடுத்த கிழமை கொழும்புக் கோட்டையில் இருக்கிற கப்பல் ஏஜென்ட் ஒஃபிஸுக்குப் போனேன். அங்கே இருந்த இளம் பையன் நல்லவன்தான். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் கதைத்தான். "மிஸ், புயல் ஒண்டு வந்திருக்கு. அதுக்குப் பிறகு கப்பலோட தொடர்பு இல்ல. மற்றக் கப்பல்களுக்குச் சொல்லித் தேடுறாங்க."

"தேடினா கிடைக்கும்தானே, தம்பி?"

அவன் தண்ணீர் போத்தலை எடுத்து என் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

அன்று வீட்டுக்கு வந்து மாமியிடம், அன்ரனின் அம்மாவிடம், எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இப்போது நினைவில்லை. மாமி யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பிள்ளை. மாமாவும் கடல் தொழிலாளிதான். அன்ரன் சின்னப் பையனாக இருக்கும்போது மாமா கடலுக்குப் போனார். படகு வரவில்லை. சில நாள் கழித்து உடல் மட்டும் கரை ஒதுங்கியது. அதற்குப் பிறகுதான் மாமி மகனைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வந்தார். மகன் கடலுக்குப் போகக் கூடாது என்பதற்காகவே வந்தார். மகனோ துறைமுகத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்து கப்பலில் ஏறிவிட்டான்.

நான் சொன்னதைக் கேட்டு மாமி அழவில்லை. என் கழுத்தைப் பார்த்தார். "தாலியை வெளியில விட்டுக்கொண்டு திரி. உள்ளுக்கை மறைக்காதை" என்றார். பிறகு செபமாலையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

எங்கள் தாலியில் பரிசுத்த ஆவியின் புறா இருக்கிறது. சின்னது. அன்ரன் கட்டிய நாளிலிருந்து அது என் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. ஷெரின் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கழற்றச் சொன்னார்கள். அப்போதுகூடக் கெஞ்சி, துணியால் சுற்றி வைத்திருந்தேன். கப்பல் செய்தி வந்த அன்று முதல் அதைப் பிடித்துக்கொண்டுதான் செபித்தேன். புறாவை விரலுக்குள் வைத்து அழுத்தி அழுத்தி, விரலில் அதன் அச்சு விழுந்திருந்தது.

நான் வேலை செய்வது பேலியகொடைப் பக்கம் இருக்கிற ஒரு தொழிற்சாலையில். வெளிநாட்டுக்கு அனுப்புகிற தேயிலைப் பைகளை அங்கே பொதி செய்கிறார்கள். பெரிய மெஷின்கள். தேயிலைத் தூள் வாசம் முடிக்குள் போய் உட்கார்ந்துவிடும். எல்லோரும் வெள்ளை ஓவரோல் போட்டு, தொப்பி போட்டு, முகக்கவசம் கட்டி நிற்போம். நகை போடக் கூடாது என்பது முன்பும் சட்டம்தான். ஆனால் தாலியை உள்ளே விட்டு, கழுத்து வரை பொத்தான் பூட்டிக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சிங்களப் பெண்கள் கையில் பிக்குமார் ஓதிக் கொடுத்த பிறித் நூல் கட்டியிருப்பார்கள். ஸ்கார்ஃப் கட்டுகிற முஸ்லிம் பிள்ளைகள் ஊசி குத்தியிருப்பார்கள். இந்துப் பெண்கள் ஒட்டுப்பொட்டு வைத்திருப்பார்கள். எல்லாம் ஒருவாறு ஓடியது.

அந்த மாதம் இரண்டு விஷயம் நடந்தது. அடுத்த பகுதியில் ஒரு பிள்ளையின் சங்கிலி ஓடுகிற மெஷின் பட்டியில் சிக்கி, கழுத்தில் காயம் வந்தது. தெய்வாதீனமாக அதோடு போயிற்று. அதற்குள் வெளிநாட்டு வியாபாரி ஒருவர் ஆள் அனுப்பித் தொழிற்சாலையைப் பரிசோதிக்கப் போகிறார் என்ற செய்தியும் வந்தது. உடனே சுவரில் மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டினார்கள். தாலி, மோதிரம், நூல், பொட்டு, ஊசி எதுவும் உள்ளே வரக் கூடாது. திங்கட்கிழமை முதல் வாசலில் உலோகம் பிடிக்கிற கருவி வைத்துப் பார்ப்பார்கள். யாருக்கும் விலக்கு இல்லை.

நான் அதை வாசித்துவிட்டு அங்கேயே நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் மனேஜர் தமிழர்தான். வெள்ளவத்தையிலிருந்து வருகிறவர், இந்து. கடுமையான மனிதர் இல்லை. அன்று வேலை முடிந்ததும் அவரிடம் போனேன்.

"சேர், நான் பிளாஸ்டர் ஒட்டி உள்ளுக்கு வச்சிருக்கிறன். வெளியில தெரியாது."

"தெரியிறது பிரச்சினை இல்ல, ரெஜினா. மெஷினுக்குப் பக்கத்தில மெட்டல் வரக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு நடந்ததைப் பார்த்தீங்கதானே."

"வேற செக்ஷனுக்கு மாத்துங்க. கூட்டிக் கழுவுற வேலை எண்டாலும் செய்றன்."

"இப்ப இடம் இல்ல. ஒராளுக்கு விட்டா மற்றவங்களும் வந்து நிப்பாங்க. என்ட மனிசியும் தாலி போடுறவதான். எனக்கு விளங்காம இல்ல."

"சேர், என்ட அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்ல. உங்களுக்குத் தெரியும். நான் இதைக் கழட்டினா, அவர் செத்திட்டார் எண்டு நானே சொல்ற மாதிரி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மெதுவாக, "திங்கக்கிழமையில இருந்து சட்டம், ரெஜினா. என்ட கையில இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன்? மாமியின் முகம் கல்லாகிவிட்டது.

"கழட்டுவியோ?"

"வேலை போயிடும் மாமி. ஷெரினுக்கு நான்தானே இருக்கிறன்."

"நீ கழட்டினியெண்டா அவன் வரமாட்டான்."

அந்த ஒரு வசனத்தோடு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு என் கையால் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. ஷெரின் கொண்டுபோய்க் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் வாங்கினார். எனக்கு மாமி மேல் கோபம் வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதையே என் நெஞ்சும் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசல் ஒழுங்கையில் அக்கம்பக்கத்துச் சனங்கள் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். அன்ரனின் சொந்தக்காரப் பெண் ஒருவர் வந்து, பழங்கள் வைத்துவிட்டு, "ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தா உனக்கும் மனசு ஆறும், பிள்ளை" என்றார். அவரை வெளியே போகச் சொன்னேன். நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினேன். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளையும் போட்டேன்.

திங்கட்கிழமை வந்தது. தாலியை மார்போடு வைத்து, அகலமான பிளாஸ்டர் ஒட்டி, மேலே பெனியன் போட்டு, ஓவரோலைப் பூட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். எங்கள் சூப்பர்வைசர் மல்காந்தி கையில் கருவியோடு நின்றார். சிங்களப் பெண்மணி. என்னை எப்போதும் நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். கருவி என் கழுத்துக்குக் கிட்ட வந்தபோது சத்தம் போட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மல்காந்தி என்னைப் பக்கத்தில் இருந்த உடைமாற்றும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். தன் மணிக்கட்டைக் காட்டினார். அங்கே நூல் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது.

"என் மகனின் ஒப்பரேஷனுக்காகக் கட்டினது. இன்றைக்குக் காலையில் வெட்டினேன். வெட்டும்போது என்னவோ செய்தது" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு, "உனக்கு நான் சொல்ல மாட்டேன், நங்கி. நீயே முடிவு எடு. ஆனால் இதோடு உள்ளே விட என்னால் முடியாது" என்றார்.

கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனேன். கொக்கியைத் தொட்டேன். விரல்கள் அசைய மறுத்தன. கொக்கியை எப்படித் திறப்பது என்பதே மறந்துபோனது போல இருந்தது. மல்காந்தி என் பக்கத்தில் மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. வெளியே மெஷின்கள் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. கடைசியில், "ஏலாது அக்கே" என்றேன். நாளைக்கு இது இல்லாமல் வா, அல்லது அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போ என்று மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

பஸ்ஸில் வந்து வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோயிலுக்குப் போனேன். திங்கட்கிழமை பகல் என்பதால் சனம் இல்லை. அந்தோனியார் சுருவச் சிலைக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். எனக்குச் செபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "தொலைந்த சாமானை எல்லாம் தேடித் தருகிறவர் என்கிறார்கள். நான் கேட்பது குண்டூசியையா? ஒரு கப்பல். இத்தனை பெரிய கப்பலைக் காண முடியவில்லையா உமக்கு?" என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்பால் போய்விட்டார்.

பிறகு அழுது முடிந்து களைத்துப்போய், ஆண்டவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அவரைக் கொண்டுவந்து தாரும் என்று கேட்டு என் வாய் ஓய்ந்துவிட்டது. இன்றைக்கு அதைக் கேட்கவில்லை. நாளைக்குக் காலையில் நான் என்ன செய்வது என்று மட்டும் சொல்லும். கழற்றவா, வேலையை விடவா? என்னால் முடிவு எடுக்க முடியவில்லை. நீர் எடும்."

பதில் வரவில்லை. அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்தேன். மாமிக்கு என்ன நடந்தது என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை. ஷெரினுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போவதா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. மாமி குளித்து வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"இவளின்ரை அப்பப்பா கடலுக்குப் போன அண்டைக்கு என்ரை கழுத்திலை தாலி இருந்தது. நான் கழட்டேல்லை. மறைக்கவும் இல்லை. இருந்தும் அவர் போனார்" என்றார்.

நான் சீப்பை வைத்துவிட்டேன்.

"தாலி ஆம்பிளையளைப் பிடிச்சு வைச்சிருக்குமெண்டா, குருநகரிலை ஒரு மனிசியும் வெள்ளை உடுத்தியிருக்க மாட்டாள், பிள்ளை."

"அப்ப ஏன் மாமி என்னிட்ட அப்பிடிச் சொன்னீங்க?"

"பயத்திலை." மாமி கீழே பார்த்தார். "வேறை என்னத்தைப் பிடிக்க எனக்கு?"

பிறகு மாமி கையை நீட்டினார். "கழட்டித் தா. நான் போட்டிருக்கிறன். நீ வேலைக்குப் போயிட்டு வந்து வாங்கு. ஒரு கழுத்திலை கிடந்தால் சரி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, "மாமி, சனம் என்ன சொல்லும்?" என்றேன். மாமா போனபோது மாமி தன் தாலியைக் கழற்றி மாதாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்தவர். அதற்குப் பிறகு ஒரு மணிமாலைகூடப் போடாதவர். அவரது கழுத்தில் தாலியா?

"சனத்தை நான் பாக்கிறன். நீ பஸ்ஸைப் பார்" என்றார்.

மாமியே என் பின்னால் வந்து கொக்கியைக் கழற்றினார். நான் தொட்டு அசையாத கொக்கி அவரது விரலுக்கு உடனே திறந்தது. தன் கழுத்தில் போட்டு, புறாவை வெளியே எடுத்து வெள்ளைச் சேலையின் மேல் விட்டார். ஷெரின் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆண்டவரிடம் இரண்டு வழி சொல்லி ஒன்றைத் தெரிவு செய்யும்படிக் கேட்டிருந்தேன். இப்படி மூன்றாவது வழி ஒன்று இருக்கும் என்று என் புத்திக்கு எட்டியிருக்கவில்லை. அன்று நான் அதை ஒரு பதில் என்று எண்ணவும் இல்லை. பஸ் போய்விடும் என்று ஓடினேன்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். காலையில் வாசலில் வைத்து மாமி என் தாலியை வாங்கிப் போட்டுக்கொள்வார். பின்னேரம் நான் கை கால் கழுவி வந்ததும் திருப்பி எனக்குப் போட்டுவிடுவார். மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது என் கை தானாகக் கழுத்துக்குப் போகும். வெறும் கழுத்து தட்டுப்படும். பிறகு, இல்லை, அது மாமியிடம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒழுங்கையில் சிரித்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "கிழவிக்குக் கலியாணமாம்" என்று என் காதில் விழும்படி சொன்னாள். கோயிலில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எழுந்து வேறு வாங்கில் போய் இருந்தார். மாமி ஒன்றையும் மறைக்கவில்லை. கடைக்கும் அப்படியே போனார், பூசைக்கும் அப்படியே போனார். ஒருநாள் பங்குச் சுவாமி கேட்டாராம், "என்ன அம்மா இது?" என்று. "மருமகளின்ரை, சுவாமி. அவள் வரும்வரைக்கும் நான் காவல்" என்றாராம் மாமி. சுவாமி மேலே ஒன்றும் கேட்காமல் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தாராம்.

அந்தோனியார் திருநாள் வந்தது. கொட்டாஞ்சேனை எங்கும் கொடிகள், மின்விளக்குகள். அந்தோனியாரின் சுருவம் வைத்த கூடு ஊர் சுற்றி வந்தபோது நானும் மாமியும் ஷெரினும் ரோட்டோரத்தில் நின்றோம். எனக்குள் ஒரு பைத்தியக்கார நம்பிக்கை இருந்தது. இந்தத் திருநாளுக்குள் அவர் கோல் எடுப்பார் என்று. யாரிடமும் சொல்லவில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கூடு எங்களைத் தாண்டிப் போனது. சனம் கலைந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு ஏஜென்ட் ஒஃபிஸிலிருந்து அதே பையன் பேசினான். "மிஸ், கொம்பனி இனித் தேடுறதை நிப்பாட்டப் போகுதாம். ஒரு பேப்பரில வாசிக்கிறதை விட நான் சொல்றது நல்லம் எண்டு நினைச்சன்." நான் நன்றி சொன்னேன். ஏன் நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

அன்று பின்னேரம் மாமி வழக்கம்போல் தாலியைக் கழற்றி என்னிடம் கொண்டு வந்தார். "வேண்டாம் மாமி. இனி என்னத்துக்கு?" என்றேன். என் வாயிலிருந்து அது வந்தபோது என் காதே கூசியது. எனக்குள் ஒன்று முற்றாக அணைந்து போயிருந்தது. செபிக்கவும் பிடிக்கவில்லை. அந்தோனியார் படத்தைத் திருப்பி வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மாமி என்னைத் திட்டவில்லை. என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, தாலியை என் கழுத்தில் போட்டு, கொக்கியைப் பூட்டினார். "நம்பிக்கை இல்லாட்டிலும் போட்டிரு. நம்பிறதை நான் பாக்கிறன்" என்றார்.

சகோதரிகளே, அந்த நாட்களில் நான் விசுவாசத்தோடு இருந்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் சேர்த்து மாமிதான் விசுவசித்தார்.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் மணி அடிக்கவில்லை. எங்கள் போன்கள் எல்லாம் லொக்கருக்குள் இருக்கும். மல்காந்தி வேகமாக வந்து என் தோளைத் தொட்டு, "நங்கி, உன் வீட்டிலிருந்து யாரோ வாசல் கேட்டுக்கு வந்திருக்கிறார்கள். போ" என்றார்.

மாமி கொட்டாஞ்சேனையை விட்டு எங்கும் போக மாட்டார். சிங்களம் தெரியாது. பஸ் ஏறத் தெரியாது. வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றால் ஒரே ஒரு செய்திதான் இருக்க முடியும். உடல் கிடைத்திருக்கும். மாமாவைப் போலக் கரை ஒதுங்கியிருக்கும். அந்த நீளமான நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மல்காந்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். ஆண்டவரே, இதைக் கேட்க முன்னம் என்னைச் சாகவிடும் என்றுதான் செபித்தேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு த்ரீவீல் நின்றது. காவல்காரருக்கு முன்னால் மாமி நின்றார். வெள்ளைச் சேலை. கழுத்தில் என் தாலி. செருப்புக் கூடப் போடவில்லை. தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று சிங்களச் சொல்லை வைத்துக்கொண்டு காவல்காரரின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். "மகே புத்தா. புத்தா கதாகளா. கதாகளா."

என் மகன் பேசினான். பேசினான்.

எனக்கு அந்தச் சொற்கள் காதில் விழுந்தும் பொருள் போய்ச் சேரவில்லை. மாமி என்னைக் கண்டதும் தமிழில் சொன்னார். "பிள்ளை, அன்ரன் எடுத்தவன். திருப்பி எடுக்கிறன் எண்டவன். நீ போன் வைச்சிருக்க மாட்டாய் எண்டு கொண்டு வந்தனான்." அவரது கையில் அவரது பழைய போன். வேர்வையில் நனைந்திருந்தது.

நான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காவல்காரர் கதிரை கொண்டு வந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. போன் அடித்தது. மாமி அதை என் காதில் வைத்துப் பிடித்தார், எனக்குக் கை இல்லை என்பது போல.

"ரெஜி" என்றார் அன்ரன்.

"எங்க இருக்கிறீங்க?"

"கரையில" என்றார். "கரையிலதான் இருக்கிறன், ரெஜி."

நான் அழுத சத்தத்தைக் கேட்டு, மேல்மாடி ஒஃபிஸிலிருந்து மனேஜர் இறங்கி ஓடி வந்தார். அவர் மாமியின் கழுத்தைப் பார்த்தார். பிறகு என் வெறும் கழுத்தைப் பார்த்தார். மல்காந்தி அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் அந்த வெயிலில் அப்படியே நின்றார்.

நடந்தது இதுதான். புயலில் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்து கப்பல் சாய்ந்திருக்கிறது. இவர்கள் மிதவையில் இறங்கியிருக்கிறார்கள். நாட்கணக்கில் மிதந்தபின் மீன்பிடிக்காரர்களின் மரக்கலம் ஒன்று ஏற்றிக்கொண்டது. அவர்களுக்குத் தொழில் முடியாமல் கரைக்குப் போக முடியாது. கடைசியில் ஒரு சின்னத் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். கடவுச்சீட்டு இல்லை, ஒரு பாசையும் விளங்கவில்லை என்று அங்கே இவர்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். மாலுமிகளுக்கு உதவி செய்கிற ஒருவர் தற்செயலாக அங்கே வந்துதான் போன் கொடுத்திருக்கிறார். அன்ரனுக்கு மனப்பாடமாக இருந்தது மாமியின் பழைய நம்பர் மட்டும்தான்.

இன்னொன்றையும் நான் சொல்ல வேண்டும். மிதவையில் இறங்கிய எல்லோரும் கரை சேரவில்லை. அன்ரனோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ் பிள்ளை ஒருவர் போய்விட்டார். அவருக்கும் மனைவி இருக்கிறாள். அவளும் என்னைப் போலத்தான் முழங்காலில் நின்றிருப்பாள். எனக்குக் கிடைத்தது அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் தெரியாது. அவளுக்காக ஒவ்வொரு செவ்வாயும் ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன். நீங்களும் அவளுக்காக மன்றாடுங்கள்.

அன்ரன் ஆவணி மாதம் வந்து சேர்ந்தார். மெலிந்து, கறுத்து, பேச்சுக் குறைந்து வந்தார். இப்போது துறைமுகத்தில் கரை வேலை செய்கிறார். கப்பலைத் தூர நின்று பார்ப்பதோடு சரி.

தொழிற்சாலையில் அந்த அறிவித்தல் இன்னும் இருக்கிறது. மெஷின் அறைக்குள் இன்றைக்கும் தாலியோடு போக முடியாது. அதில் எனக்கு மனவருத்தம் இல்லை, அந்தப் பிள்ளையின் கழுத்துத் தழும்பை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் மனேஜர் அதற்குக் கீழே ஒரு வசனம் சேர்த்திருக்கிறார். சமயத்துக்காக அணிந்திருப்பதைக் கழற்ற முடியாத நிலையில் யாராவது இருந்தால் முதலில் வந்து பேசட்டும், வேறு வேலை பார்த்துக் கொடுப்போம் என்று. முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஊசி இல்லாமல் கட்டக்கூடிய ஸ்கார்ஃப் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மல்காந்தியின் மகனுக்கு ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது.

முன்பு நான் செபிக்கும்போது ஆண்டவருக்கு வழியும் நானே சொல்லிக் கொடுப்பேன். இப்படிச் செய்யும், இல்லாவிட்டால் அப்படிச் செய்யும் என்று. இப்போது அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. என் கையில் இருக்கிறதைச் சொல்வேன், கையில் இல்லாததையும் சொல்வேன். மிச்சத்தை அவரிடம் விட்டுவிடுவேன். அவர் எந்தப் பக்கத்தால் வருவார், யாரை அனுப்புவார் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்குள்ளேயே, என் கையால் சாப்பிட மறுத்த ஒரு மனிசியைத்தான் அவர் எனக்கு அனுப்பினார்.

உங்களில் யாருக்காவது வீட்டில் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லாமல் இருக்கலாம். செபிக்கச் செபிக்க ஒன்றும் கேட்காமல், விசுவாசம் வற்றிப்போய், கோயிலுக்கு வரவே வெறுப்பாக இருக்கலாம். அப்படி இருந்தாலும் வாருங்கள். செவ்வாய்க்கிழமைகளில் நானும் மாமியும் கடைசி வாங்கில் இருப்போம். வந்து பக்கத்தில் இருங்கள். ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. உங்களால் நம்ப முடிகிற வரைக்கும் உங்களுக்கும் சேர்த்து நாங்கள் நம்பிக்கொண்டிருப்போம்.